பீரோவுக்குள் ஈர உறிஞ்சி டப்பா: சில மழைக்காலங்களின் அனுபவம்

பொள்ளாச்சி தாண்டி ஆனைமலைப் பக்கம் எங்கள் ஓட்டு வீடு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூனில் சாரல் நுழைந்தால் செப்டம்பர் வரை சுவர் காயாது. பட்டுச்சேலையில் பூசணம், செருப்பில் பூசணம். அதனால் ஈர உறிஞ்சி டப்பாக்களை ஒவ்வொரு மழைக்கும் வாங்குகிறேன். மூடிய பீரோவில் நன்றாகவே வேலை செய்கிறது. ஜன்னல் திறந்த அறையில் வைப்பது காசுக்குக் கேடு.

மேலே இருக்கும் வெள்ளை உருண்டை கால்சியம் குளோரைடு. ஈரத்தை இழுத்துத் தானும் கரைந்து அடியறையில் இறங்கிவிடும். அங்கே சேர்வது வெறும் தண்ணீர் இல்லை, அடர்ந்த உப்புக் கரைசல். கையில் பட்டால் எண்ணெய் மாதிரி பிசுபிசுக்கும். கழுவாமல் விட்டால் எரியும், கீறல் இருந்தால் கேட்கவே வேண்டாம். கண்ணில் தெறித்தால் 15 நிமிடமாவது குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். குழந்தை உருண்டையை வாயில் போட்டால் எச்சிலில் கரையும்போதே சூடு கிளம்பி வாயும் தொண்டையும் புண்ணாகும். வாந்தி எடுக்க வைக்காமல், வாயைக் கழுவிவிட்டு, டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

ஒருமுறை டப்பா பீரோவுக்குள்ளேயே சாய்ந்துவிட்டது. துடைத்தும் மறுநாள் தட்டு ஈரமாகத்தான் இருந்தது. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் அது காய்வதே இல்லை. நனைத்த துணியால் திரும்பத் திரும்பத் துடைத்த பிறகுதான் விட்டது. அதற்குள் தட்டில் துரு, தோல் பெல்ட் சுருங்கி விறைப்பு.

அத்தை கேட்டார்: "ஏன் அம்மிணி, நல்ல தண்ணியாட்டத்தான இருக்குது, செம்பருத்திக்கு ஊத்தட்டுமா?" ஊற்றியிருந்தால் செடி கருகியிருக்கும். கக்கூஸில் கொட்டி நிறையத் தண்ணீர் விடுகிறோம்.

சிலிக்கா ஜெல் கதை வேறு. புதுத்துணி, செருப்புப் பெட்டியில் வரும் வெள்ளை மணிகளில் விஷம் இல்லை. சின்னக் குழந்தைக்குத் தொண்டையில் சிக்கலாம், அவ்வளவுதான். நீல மணிகளை மட்டும் நான் வீட்டுக்குள் விடுவதில்லை. ஈரம் ஏறினால் இளஞ்சிவப்பாக மாறுவதற்காக அதில் கோபால்ட் குளோரைடு பூசுவார்கள். தோலில் ஒவ்வாமை தரும். தூசியாக மூச்சில் போனால் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. இதைப் போய் மஞ்சள்தூள் டப்பாவிலும் பருப்பு டப்பாவிலும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்! சமையலறைக்கு எந்த நிற மணியும் வேண்டாம் என்பது என் கட்சி.

அந்துருண்டை ஈரத்தை இழுக்கவே இழுக்காது. அப்புறம், ஜி6பிடி குறைபாடுள்ள (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள) குழந்தைகளுக்கு அதன் நெடியே சிவப்பணுக்களைச் சிதைக்கும். கைக்குழந்தையின் துணியோடு அதை வைக்கவே கூடாது.

இப்போது பூட்டிய பீரோவில், மேல்தட்டில் மட்டும் டப்பா வைக்கிறேன். முழுக்க நிறையும் முன்பே மாற்றிவிடுகிறேன். போன கோடையில் ஒழுகிய ஓடுகளை மாற்றினோம். பின்னறை பீரோவுக்கு அதன் பிறகு டப்பாவே தேவைப்படவில்லை.