தண்ணிக்குள்ள போற மெட்டல் டிடெக்டர், மூணு வருஷ அனுபவம்

மூணு வருஷமா இந்த பல்ஸ் டைப் மெஷின திருவொற்றியூர் கடல்ல யூஸ் பண்றேன், இடுப்பளவு தண்ணி வரைக்கும் தான், அதுக்கு மேல நம்ம பக்கம் அலையும் கல்லும் நிக்க விடாது. முன்னாடி வச்சிருந்தது சாதா மெஷின், உப்புத் தண்ணி பட்டாலே, கருமணல் வந்தாலே சும்மா சும்மா கத்தும், இது கத்தல. ஆனா இரும்பு எது பொன் எதுன்னு பிரிச்சு சொல்லாது, எல்லாத்தையும் தோண்டணும், பாதி நாள் வலைக்கு கட்ற ஈயக்குண்டும் ஆணியும் தான். ஏழாவது மாசம் ஹெட்போன் பின் பச்சை பூத்து போச்சு, வித்தவர் வாரண்டி கிடையாதுன்னுட்டாரு, ரொம்ப கடுப்பாச்சு. அன்னிலேந்து வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணில அலசிட்டு தான் சோறே.

ஒண்ணு சொல்லியே ஆகணும். மாசி மகத்தன்னிக்கு ஒரு அக்கா தாலிக் குண்டு ஒண்ண தண்ணில விட்டுட்டாங்க. மறுநாள் விடியக்காலைல தண்ணி வத்துன நேரத்துல போனேன், பாக்கு பாக்கெட் ஜிகினாக்கு வர்ற அதே மெல்லிசு சத்தம், நாலு தடவ ஜிகினா தான் வந்துச்சு, அஞ்சாவது தடவ சல்லடைல கிளிஞ்சலுக்கு நடுவுல குண்டு. "தம்பி நீ நல்லா இருப்ப"ன்னு கையப் புடிச்சுகிட்டு அழுதுட்டாங்க. மெஷின் வாங்குன காசு எனக்கு அங்கயே வந்துருச்சு.

இப்ப சட்டம், நிறைய பேர் இதுல தான் மாட்டுவாங்க. மண்ணுல மறைஞ்சு கிடந்தது 10 ரூபாய்க்கு மேல பெறும்னா 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுதிக் குடுக்கணும், மறைச்சா 1 வருஷம் வரைக்கும் ஜெயில். உடைஞ்ச கப்பலோட சாமானுக்கு தனி சட்டம், 1958 வணிகக் கப்பல் சட்டப்படி அதுக்குன்னு இருக்கற அதிகாரிகிட்ட ஒப்படைக்கணும், 2025ல இதுக்கு பதிலா புதுசு நிறைவேத்திருக்காங்க, மெஷின் வாங்கறதுக்கு முன்னாடி அதையும் படிச்சுருங்க. 100 வருஷத்துக்கு மேல பழசுன்னா தொல்பொருள், வெளிநாட்டுக்கு வித்தா குத்தம்.

போன வருஷம் எனக்கு 1808னு போட்ட 20 காசு ஒண்ணு கெடச்சுது, கிழக்கிந்திய கம்பெனிக்காரன் காலத்து செம்பு. இதே மாதிரி காச மெட்ராஸுக்கு ஏத்திட்டு கெளம்புன அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809 ஜனவரில இங்கிலாந்துலயே குட்வின் மணல்திட்டுல மூழ்கிடுச்சு. 1980கள்ல லட்சக்கணக்குல காச அள்ளிட்டாங்க, ஏன்னா அப்ப அவங்க கடல் எல்லை 3 மைல் தான், கப்பல் அதுக்கு வெளிய கெடந்துச்சு. எல்லை 12 மைல் ஆனப்புறம் 1990ல லைசென்ஸ் இல்லாம தொடக்கூடாதுன்னு ஆக்கிட்டாங்க. நம்ம ஊருக்கு வர வேண்டிய காசு, நெனச்சா மனசு கெடந்து அடிச்சுக்குது.

எனக்கு கெடச்சத மனுவோட கலெக்டர் ஆபீஸுக்கு கொண்டு போனேன். அங்க யாருக்கும் அப்படி ஒரு புதையல் சட்டம் இருக்கறதே தெரியல, மூணு நாள் அலைய விட்டாங்க, கடைசில காச வாங்கிட்டு ரசீது குடுத்தாங்க. இன்னும் பதில் வரல, தை பொறந்ததும் திரும்ப போயி கேக்கப் போறேன்.