எருவை மட்க வைக்க மூன்று வழி: கீரைப்பாத்திக்கு எது சரி?

பச்சைச் சாணத்தை நேரே பாத்தியில் போடுவதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற வயிற்றுநோய்க் கிருமிகள், குடற்புழு முட்டை எல்லாம் அதில் இருக்க வாய்ப்புண்டு. அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி, மட்காத எரு போட்டால் மண்ணில் படும் காய்கறிக்கு அறுவடைக்கு முன் 120 நாள் இடைவெளி வேண்டும். மண்ணில் படாததற்கு 90 நாள். சிறுகீரையோ ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். ஆகவே போட்டி எருக்குழி, சூடேற்றிப் புரட்டும் குவியல், மண்புழு உரம் ஆகிய மூன்றுக்குள்தான்.

எருக்குழியில் வேலையே இல்லை, அதுதான் அதன் பலம். ஆனால் ஈரச்சாணம் இறுகிக் கிடப்பதால் உள்ளே காற்று போகாது, சூடும் ஏறாது. "ஒரு வருஷக் குப்பை" என்பார்கள். அடியில் இருப்பது ஒரு வருஷம் சரி, மேலே கிடப்பது நேற்றுப் போட்டது. களை விதை சாகாது, தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டின் புழுவும் அதில்தான் வளரும். வாழைக்கும் மரங்களுக்கும் போடலாம். பச்சையாகக் கடிக்கும் முள்ளங்கிக்கும் வெங்காயத்தாளுக்கும் நான் போடமாட்டேன்.

குவியல் முறையில் சாணத்தோடு வைக்கோல், சருகு போன்ற காய்ந்த பொருளை நிறையக் கலக்க வேண்டும். கோழி எருவில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிக அதிகம், அதற்கு இன்னும் கூடுதலாக. நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடிக்குக் குறைந்தால் சூடு தங்காது. கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். நடுவில் சூடு 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது புரட்ட வேண்டும். புரட்டுவதென்றால் வெறுமனே கிளறுவதில்லை. வெளி ஓரத்தில் இருப்பது நடுவுக்குப் போக வேண்டும், ஏனென்றால் ஓரம் சூடாவதே இல்லை. இரும்புக் கம்பியைச் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவித் தொட்டால் சூடு ஓரளவு தெரியும். நீளமான வெப்பமானி வாங்கிவிட்டால் சந்தேகமே இல்லை. அப்புறம் ஒன்றிரண்டு மாதம் ஆறவிட வேண்டும். முதுகு வலிக்கிற வேலைதான், ஆனால் கிருமியைக் கொல்வதில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் வராது.

மண்புழு உரம் பார்க்கவும் தொடவும் அருமை, நாற்றுக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் 35 டிகிரியைத் தாண்டினால் புழு தாங்காது என்பதால் தொட்டியைக் குளிர்ச்சியாகவே வைக்கிறோம். கிருமியைக் கொல்லும் சூடு அங்கே வரவே வராது. புழு தின்றால் கிருமி குறையும், முழுக்கப் போய்விடும் என்று நம்ப முடியாது. மூட்டையாக வாங்குபவர்கள் சாணத்தை முதலில் சூடேற்றினார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

என் தேர்வு, முதலில் சூட்டுக் குவியல், அது ஆறிய பின் புழுவுக்கு. நேரமில்லாதவர்கள் குவியலோடு நிறுத்திக்கொள்ளலாம். எந்த வழியானாலும் பச்சைச் சாணம் அள்ளிய மண்வெட்டியைக் கழுவாமல் மட்கிய உரத்தில் வைக்காதீர்கள். குவியலைப் பாத்திக்கு மேட்டுப் பக்கம் போடவும் வேண்டாம், ஒரு மழையில் அதன் சாறு கீரைக்குள் இறங்கிவிடும்.