இரு முழங்கால்களையும் ஒருங்கே மாற்றுவதா, தனித்தனியே மாற்றுவதா?

இரண்டு முழங்கால்களும் தேய்ந்துபோனவருக்குச் சத்திரசிகிச்சை நிபுணர் இரு வழிகளைச் சொல்வார்: ஒரே தடவையில் இரண்டையும் செயற்கை மூட்டுகளாக மாற்றலாம், அல்லது ஒன்றை மாற்றி, அது தேறியபின், பெரும்பாலும் மூன்று மாத அளவில், மற்றதை மாற்றலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். இன்று யாரேனும் கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஒரே தடவையின் வசதிகள் தெரிந்தவையே: ஒரு மயக்க மருந்து, ஒரு வைத்தியசாலைத் தங்கல், ஒரு மீட்சிக்காலம். செலவும் குறையும், ஆனால் செயற்கை மூட்டுகள் எப்படியும் இரண்டு வாங்கவேண்டியிருப்பதால், மிச்சமாவது ஏனைய கட்டணங்களில் ஒரு பகுதி மட்டுமே. மறுபுறம், குருதி இழப்பும் இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் ஏற்படும் சுமையும் கூடுவதால், இருதய நோயாளரையும் மிக முதியவர்களையும் நிபுணர்கள் பொதுவாக இதற்கு எடுப்பதில்லை.

எனக்கு முடிவைத் தந்தது ஊன்றி நிற்க ஒரு கால் இருப்பதுதான். தேய்ந்த கால் வலித்தாலும் பழகிய வலியோடு உடலைத் தாங்கும். கட்டிலிலிருந்து இறங்கவும், இரவில் கொமட்டில் அமர்ந்து எழவும், வோக்கரைப் பிடித்துத் திரும்பவும் அதையே நம்பினேன். இரண்டு கால்களிலும் புதிய காயம் இருந்தால் ஒவ்வொரு எழுச்சிக்கும் கைகளின் வலுவும், முதல் வாரங்களில் பக்கத்தில் பலமான ஒருவரும் வேண்டும். கொழும்பு வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்பில், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, முதிய துணையோடு வாழ்பவர்களுக்கு அந்த ஒருவர் யார் என்பதே முதற்கேள்வி. என் உறவினர் ஒருவர் இரண்டையும் ஒருங்கே மாற்றி இப்போது நன்றாக நடக்கிறார். அவருடைய மகன்மார் இருவரும் விடுமுறை எடுத்து வந்து வீட்டில் நின்றார்கள். இரண்டு கால்களிலும் ஒருங்கே வரும் வலியை நான் அறியேன் என்பதால், தாங்கக்கூடியதா என்று என்னால் சொல்ல முடியாது.

இரு முழங்கால்களும் நிமிராமல் மடங்கி இறுகியவர்களுக்கு என் தெரிவு பொருந்தாமல் போகலாம். ஒன்றை மட்டும் நிமிர்த்தினால், மடங்கியுள்ள மற்றக் காலுக்கு ஈடாக அதுவும் மடங்கியே நடக்கப் பழகிவிடும். முதல் வலியை அறிந்தபின் இரண்டாவதற்குப் போகத் தயங்கி நின்றுவிடுவோரும் உண்டு. எனக்கோ இரண்டாம் முறை இலகுவாக இருந்தது. இயன் மருத்துவர் சொல்லித்தந்த பயிற்சிகள் ஏற்கெனவே உடலுக்குத் தெரிந்திருந்தன, மாற்றிய காலும் உறுதியாக நின்றது.

தனித்தனியே செய்வதென்றால், முதற்காலின் காயம் ஆறி, கிருமித்தொற்று இல்லையென்று உறுதியாகி, நீரிழிவு இருப்பவருக்குச் சீனி மட்டமும் கட்டுக்குள் வந்தபின்னரே இரண்டாவதற்கு நாள் குறிக்கச் சொல்லுங்கள்.