டிஸ்க்கைக் கடைவதா, புதிதாகப் போடுவதா?

பிரேக் பேட் தேய்ந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும், அதில் பேச ஒன்றும் இல்லை. குழப்பம் வருவது டிஸ்க்கில், அதாவது சக்கரத்தோடு சுற்றும், பேட்கள் இருபக்கமும் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டில். பிரேக் பிடித்தால் பெடல் துடிக்கிறது, ஸ்டியரிங் ஆடுகிறது என்று வண்டியைக் கொண்டுபோனால், வெளி மெக்கானிக் "லேத்துல குடுத்து ஒரு கட்டிங் போட்டுடலாம் சார், புதுசு எதுக்கு?" என்பார். லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் டிஸ்க்கின் மேற்பரப்பைச் சீவிச் சமமாக்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார். சர்வீஸ் சென்டரில் யோசிக்காமல் புது ஜோடி என்று எஸ்டிமேட் எழுதுவார்கள். அண்மையில் என் சின்ன ஹேட்ச்பேக்குக்கு இதே கேள்வி வந்தது. சென்னைக்கு வெளியே பரனூர் டோலுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் நடுங்கியது. விசாரித்துப் பார்த்துவிட்டுப் புது டிஸ்க்கே போட்டேன்.

லேத் கூலி சில நூறு ரூபாய். புது ஜோடி சில ஆயிரம். கையில் மிச்சமாகும் காசு உண்மைதான், மறுக்கவில்லை. பின்சக்கர டிரம்மைக் கடைந்து போடுவதும் நம் ஊரில் காலங்காலமாக நடப்பதுதான். ஆனால் டிஸ்க்கில் முடிவைச் சொல்ல வேண்டியது விலை அல்ல, மிச்சமிருக்கும் தடிமன்.

ஒவ்வொரு டிஸ்க்குக்கும் குறைந்தபட்சத் தடிமன் என்று ஓர் அளவு உண்டு. பெரும்பாலும் டிஸ்க்கின் மேலேயே பொறித்திருக்கும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் தெரியும். புதிதில் 20 மி.மீ., குறைந்தபட்சம் 18 என்று வைத்துக்கொள்வோம். டிஸ்க்கின் மொத்த ஆயுளே அந்த 2 மி.மீ.தான். ஓடிய டிஸ்க் 18.7-இல் நிற்கிறது. லேத்தில் பக்கத்துக்கு 0.2 எடுத்தாலும் 18.3-க்கு வந்துவிடும். மீதி 0.3 மி.மீ.யை நம்பிப் புது பேட் போடுகிறோம். பேட் பாதி தேய்வதற்குள் டிஸ்க் எல்லைக்குக் கீழே போய்விடலாம். அப்போது புது டிஸ்க், அதோடு மறுபடியும் புது பேட், மறுபடியும் கூலி. முதலில் மிச்சம் பிடித்தது இரட்டிப்பாகக் கையை விட்டுப் போகும். தடிமன் குறைந்த டிஸ்க் சூட்டையும் குறைவாகத்தான் தாங்கும். வேகத்தில் அடுத்தடுத்துப் பிரேக் பிடிக்கும்போது சீக்கிரம் கொதித்துவிடும்.

அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். டிஸ்க்கின் வெளி விளிம்பில் பேட் படாத ஓரம் தேயாமல் வரப்பு போல நிற்கும். சாதாரண வெர்னியரை வைத்தால் அது இரண்டு பக்க வரப்பையும் பிடித்துக்கொண்டு தடிமனைக் கூட்டிக் காட்டும். வரப்பைத் தாண்டி உள்ளே, பேட் உரசும் இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்து, சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் அளக்க வேண்டும். ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் 0.02 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே காலில் துடிப்பு தெரியலாம். அளக்காமல் கண்ணால் பார்த்தே "நல்லாயிருக்கு" என்று சொல்பவரிடம் டிஸ்க்கைக் கடையக் கொடுக்காதீர்கள்.

லேத் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதிகம் ஓடாமல், மழைக்காலம் முழுக்க நின்றுபோய், டிஸ்க்கில் துரு குழி விழுந்த வண்டிக்குத் தடிமன் தாராளமாக இருக்கும். அதைக் கடைந்து போடுவதில் தவறே இல்லை. இரவு மழையில் படியும் மேல்துருவுக்கு அதுகூட வேண்டாம், நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். கனமான டீசல் எஸ்யூவிகளில் எனக்கு அனுபவம் குறைவு. இங்கே சொல்வதெல்லாம் ஊருக்குள் ஓடும் சின்ன கார்களை வைத்துத்தான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஹப் முகத்தை, அதாவது டிஸ்க் போய் உட்காரும் சக்கர மையப் பகுதியை, சுத்தம் செய்யாவிட்டால் வீண். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரிக் கடற்காற்று அடிக்கும் இடங்களில் நிற்கும் வண்டிகளில் ஹப்பில் துரு ஏடு ஏடாகப் படியும். அதன்மேல் டிஸ்க்கை மாட்டினால் புதுசும் கோணலாகத்தான் சுற்றும், கொஞ்ச நாளில் அதே துடிப்பு திரும்பும். டிஸ்க்கைக் கழற்றி லேத்தில் ஏற்றிக் கடைந்தாலும் ஹப்பின் கோணல் சரியாகாது. என் வண்டியில் ஹப்பைப் பிரஷ் போட்டுத் தேய்த்ததும் செம்மண் மாதிரி கொட்டியது.

பேட் விஷயத்தில் நான் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. பிரேக்ஸ் இந்தியா பாடியில், ரானே அம்பத்தூரில். நல்ல பேட் செய்பவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். சென்னையின் உதிரிபாகச் சந்தையான ஜி.பி. ரோட்டில் வாங்கினால் பில் போடும் கடையாகப் பாருங்கள், போலிப் பெட்டிகளும் நடமாடுகின்றன. செராமிக் பேட்டில் தூசி குறைவு, சத்தம் குறைவு, விலை அதிகம். ஓ.எம்.ஆர். சிக்னல்களில் ஊர்வதற்கு அது தேவையில்லை என்பது என் கணிப்பு. எதைப் போட்டாலும் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் முன்னும் பின்னும் நகர உதவும் பின்களை உருவித் துடைத்து, பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸ் பூசச் சொல்லுங்கள். பின் இறுகினால் உள்பக்கப் பேட் தகடு வரை தேயும், வெளிப்பக்கம் புதுசாகவே இருக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. புது பேட் போட்ட அன்று காலியான ரோட்டில் 60-இலிருந்து 10 வரை, முழுக்க நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை மிதமாகப் பிரேக் பிடியுங்கள். பிறகு சூடு ஆறும் வரை பிரேக் அதிகம் பிடிக்காமல் ஓட்டுங்கள். சூட்டோடு சிக்னலில் பெடலை அழுத்திக்கொண்டே நின்றால், பேட்டின் கலவை டிஸ்க்கில் ஒரே இடத்தில் ஒட்டி, பழைய துடிப்பு புது டிஸ்க்கிலும் ஆரம்பிக்கும்.