அலிசியா கீஸா, நோரா ஜோன்ஸா? இரண்டு முதல் ஆல்பங்கள்

2001இல் அமெரிக்கப் பாடகி அலிசியா கீஸின் 'சாங்ஸ் இன் ஏ மைனர்' வெளிவந்தபோது அவருக்கு வயது 20. மறு ஆண்டு வந்த 'கம் அவே வித் மீ'யை இன்னொரு அமெரிக்கப் பாடகி நோரா ஜோன்ஸ் 22 வயதில் முடித்திருந்தார். பியானோ ஒன்றைத் தவிர இரண்டுக்கும் பெரிய ஒற்றுமை கிடையாது.

கீஸ் பீத்தோவனின் நிலவொளி சொனாட்டாவைத் தொட்டு ஆல்பத்தைத் தொடங்கி, அதன் மேலேயே ஹிப் ஹாப் தாளத்தை ஏற்றுகிறார். கொஞ்சம் பகட்டுதான், இருபது வயதில் அது அழகு. 'ஃபாலின்' பாட்டோ இரண்டே கார்டுகளில் (chords, சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள்) சுழல்கிறது. மேலே குரல் மட்டும் கெஞ்சுகிறது, சீறுகிறது. பெரும்பாலான பாடல்களில் எழுத்தும் அவருடையதே.

நோரா (ரவிசங்கரின் மகள், இசையில் சிதாரின் சாயல் தேடாதீர்கள்) குரலை உயர்த்துவதே இல்லை. புகழ்பெற்ற 'டோன்ட் நோ வை'யை எழுதியவர் ஜெஸ்ஸி ஹாரிஸ். தலைப்புப் பாடல் நோராவுடையது, எனக்கு அதுவே மேல்.

நோராவின் ஆல்பம் சீரானது, சில சமயம் தூக்கம் வரும் அளவுக்கு. கீஸின் ஆல்பம் நீளம், நடுவில் தொய்கிறது. பாடலாசிரியரைத் தேடுபவர் கீஸை எடுக்கலாம். இரவுச் சமையலுக்குத் துணை வேண்டுமென்றால் நோரா.