எட் ஷீரனின் 'ப்ளே': விருந்தாளியைப் பின்னால் உட்கார வைத்தால் எப்படி?

கூட்டல், பெருக்கல், வகுத்தல், சமம், கழித்தல் என்று பெரும்பாலான ஆல்பத்துக்குக் கணக்குக் குறிகளையே பேராக வைத்துவந்த இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன், 2025 செப்டம்பரில் 'ப்ளே'யோடு வந்தார். மொத்தம் 13 பாட்டு. இந்த வேலையின் கடைசிக் கட்டத்தைக் கோவாவில் உட்கார்ந்து முடித்திருக்கிறார், அந்த வாடை ஆல்பத்தில் நன்றாகவே அடிக்கிறது.

கும்பகோணம் பக்கம் ரீல்ஸ் பார்க்கிற யாருக்கும் 'சஃபையர்' தெரியாமல் இருக்காது. துள்ளலான பாட்டு, பஞ்சாபி வரியை ஷீரன் கூச்சமில்லாமல் பாடுகிறார், கேட்டால் கால் தானாக ஆடும். ஆனால் என் குறையும் இதே பாட்டில்தான். இந்திப் பாடகர் அரிஜித் சிங் மாதிரி ஒரு குரலைத் தேடி அவருடைய சொந்த ஊரான ஜியாகஞ்ச் வரைக்கும் போய், ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து சுற்றிவிட்டு, கடைசியில் ஆல்பத்தில் அவரைக் கோரஸ் சத்தத்துக்குள்ளே கரைத்துவிட்டார்கள். நம்ம ஊர் சாமி புறப்பாட்டில் நாதஸ்வரக்காரர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தவிலுக்கென்று தனி விட்டுத்தான் ஆகணும், தெருவே அதற்காகத்தான் நிற்கும். தனியாக வெளியிட்ட 'சஃபையர்' வடிவில் அரிஜித் தாராளமாகப் பாடுகிறார், அதைக் கேட்டபிறகு ஆல்பத்தில் இருப்பது ஒத்திகை மாதிரிதான் படுகிறது. அதையே உள்ளே வைத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

இத்தனைக்கும் ஷீரன் மேடையில் இடம் விடத் தெரிந்தவர்தான். 2025 பிப்ரவரியில் சென்னை நந்தனம் கச்சேரியில் ஏ.ஆர்.ரஹ்மான் வந்து சேர்ந்துகொள்ள, 'ஊர்வசி'யும் 'ஷேப் ஆஃப் யூ'வும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதே, உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்துப் போனவர்கள் இன்னும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

'அஸீஸம்' வேறு ரகம். தயாரிப்பாளர் இல்யா ஈரானிய வேர் உள்ள ஸ்வீடன்காரர், அந்தப் பாரசீகத் துள்ளல் மேலே தூவினது போல இல்லாமல் தாளத்திலேயே ஊறியிருக்கிறது. 'சிமெட்ரி'யிலும் தபலா வருகிறது, தாளக் காது உள்ளவர்கள் இயர்போன் போட்டுக் கேளுங்கள்.

'ஓல்டு ஃபோன்' எனக்குப் பிடித்தது. பழைய போனைத் திறந்தால் செத்துப்போன நண்பனின் மெசேஜ் வருகிறது, அவ்வளவுதான் விஷயம், பெரும்பாலும் கிதாரே போதுமென்று விட்டிருக்கிறார். 'இன் அதர் வேர்ட்ஸ்', 'தி வவ்', 'ஃபார் ஆல்வேஸ்' மூன்றும் கல்யாண வீடியோக்காரர்களுக்கென்றே செய்தது, ஒன்று கேட்டால் மற்ற இரண்டையும் கேட்ட மாதிரி. 'ஓப்பனிங்' பாட்டில் பாதியில் ராப் எடுக்கிறார், சரி, பழைய பழக்கம்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். 'அஸீஸம்', 'சிமெட்ரி', 'ஓல்டு ஃபோன்' மூன்றையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், 'சஃபையர்' மட்டும் அரிஜித் பேர் போட்டிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.