புளியரைச் சாலைப் பட்டறையில் ஏழு வாரம்: ஓர் அம்பாசிடர் அனுபவம்

சென்ற ஆனி மாதச் சாரலில் ஆரியங்காவிலிருந்து புளியரை எஸ் வளைவில் இறங்கியபோது, எதிரே ஏறிவந்த எம்சாண்ட் லாரிக்கு வழிவிடப்போய், என் தந்தையார் வாங்கிய 1968 மார்க் 2 அம்பாசிடரின் இடது முன்சக்கரம் ஓரத்து வடிகாலில் விழுந்துவிட்டது. பார்வைக்கு மட்கார்டு நசுங்கியதும் விளக்கு உடைந்ததும்தான் சேதம். ஆனால் இடது முன்கதவு மூடவில்லை. அம்பாசிடருக்கு லாரியைப் போலத் தனி சேஸிஸ் கிடையாது, தளமும் உடலும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை என்பதால், கதவு மூடாத வண்டியில் அடி உள்ளே வரை போயிருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

முதலில் காட்டிய பட்டறையில் சங்கிலி கட்டி இழுத்து, பட்டி பூசி, ஒரே வாரத்தில் தருவதாகச் சொன்னார்கள். செங்கோட்டைக்கும் புளியரைக்கும் இடையிலுள்ள இந்தப் பட்டறையின் மேஸ்திரியோ, "அண்ணாச்சி, முதல்ல அளந்து பாத்துருவோம், பெறவு அடிக்கலாம்" என்றார். வண்டியை நான்கு ஸ்டாண்டுகளில் மட்டமாக ஏற்றி, அடித்தளத்துத் துளைகளிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அதன் முனை காட்டிய இடங்களைத் தரையில் சாக்கட்டியால் குறித்தார். மூலைக்கு மூலை குறுக்களவு பிடித்தபோது ஒரு பக்கம் 14 மில்லிமீட்டர் குறைந்தது; இடது லாங் மெம்பர், அதாவது அடித்தளத்தில் நீளவாக்கில் ஓடும் இரும்புச் சட்டம், பின்னுக்கு ஒடுங்கியிருந்தது.

இந்த வண்டியின் முன்பக்கத்தில் சுருள்வில் இல்லை. நீளவாக்கில் கிடக்கும் டார்ஷன் பார் என்னும் இரும்புத் தண்டு முறுக்கேறிச் சுமையைத் தாங்குகிறது. முறுக்கைத் தளர்த்தாமல், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மைக் கழற்றினால் அது தெறித்து ஆளையே அடித்துவிடும் என்பதால், ஜாக்கியை அடியில் முட்டுக்கொடுத்து, சிறிது சிறிதாக இறக்கியே கழற்றினார். ஓடிப் பழகிய பார்களை இடம் வலம் மாற்றிப் போட்டால் எதிர்த்திசை முறுக்கில் முறிந்துபோகக்கூடும். அதற்காகக் கழற்றும்போதே ஒன்றில் சிவப்பு, மற்றதில் மஞ்சள் பெயின்ட் வைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகட்டை அறுத்தபோது, தார் பூசி மறைத்த பழைய ஒட்டுகள் இரண்டு அடுக்காக வெளிப்பட்டன. இத்தனை ஆண்டுச் சாரல் வீணாகப் பெய்யவில்லை. அறுப்பதற்கு முன்பே கதவுச் சட்டத்துக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பு பற்றவைத்து இடைவெளியை நிலைநிறுத்தியிருந்தார். புதிய தகட்டையும் ஒரே ஓட்டமாகப் பற்றவைக்காமல், சூட்டில் நெளியாதபடி இங்கொரு அங்குலம் அங்கொரு அங்குலமாக மாற்றி மாற்றி வைத்தார்.

குறைகளும் உண்டு. மூன்று வாரம் என்றது ஏழு வாரமாயிற்று. அம்பாசிடர் தயாரிப்பு 2014-இல் நின்றுவிட்டதால் லோயர் ஆர்முக்கு அலைந்தது நியாயமே என்றாலும், தாமதத்தை நாமே போய்க் கேட்டால்தான் சொல்கிறார்கள். எழுத்தில் மதிப்பீடு தருவதில்லை; 50,000 ரூபாய் என்று வாயால் சொன்னது 68,000 ரூபாயில் முடிந்தது. வீல் அலைன்மென்ட்டுக்குத் தென்காசிக்குத்தான் போகவேண்டும்.

இப்போது கதவு ஒரு விரல் தள்ளலில் மூடுகிறது, தென்மலை வரை போய்வந்தும் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கவில்லை. புது மட்கார்டின் வெள்ளை மட்டும் பழைய வெள்ளையோடு சேராமல், காலை வெயிலில் வேறு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது போலத் தெரிகிறது; பெயின்ட் வேலையை இங்கே கொடுக்காதீர்கள்.